ஜாமாச்சோ ஏறி பிரார்த்தனைக் கொடி கட்ட: முழுமையான வழிகாட்டி

காத்மாண்டு போகும் நம்மூர் யாத்திரைக் குழுக்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: பசுபதிநாத், புடாநீலகண்டா, சுயம்பு, அப்புறம் முக்திநாத். இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒரு புனித மலை நகரத்தின் வடமேற்கு விளிம்பிலேயே நிற்கிறது. நாகார்ஜுன் காட்டுக்கு நடுவே எழும் அந்த உச்சிக்கு ஜாமாச்சோ என்று பெயர். உயரம் சுமார் 2,100 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பிவிடலாம்.

பௌத்தர்களின் ஐவண்ணப் பிரார்த்தனைக் கொடியைத் தன் கையால் மலையில் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உடனே கைலாயத்தையும் அதை வலம்வரும் வழியில் உள்ள டோல்மா லா கணவாயையும் நினைக்கிறார்கள். அது 5,630 மீட்டர். பணம், அனுமதி, உடம்பு மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். முதல்முறை கட்டுகிறவருக்கு ஜாமாச்சோவே போதும் என்பது என் கருத்து. மேலே போய் நிதானமாக நின்று, மூச்சு வாங்காமல், முறையாகக் கட்டிவிட்டு இறங்கலாம்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடியின் வேலையைச் செய்வது காற்று. துணியில் அச்சிட்ட மந்திரங்களைக் காற்று தொட்டுப் போகிறது, அது போகும் திசையில் உள்ள உயிர்களுக்கெல்லாம் நன்மை சேர்கிறது என்பதே நம்பிக்கை. அதைச் சுமந்துகொண்டு போய்க் காற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் கட்டுவதோடு நம் பங்கு முடிந்தது. என்ன துணி, எந்த நாள், எந்த இடம், எப்படி முடிச்சு என்று கீழே சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டியதுதான்.

மலையைப் பற்றிக் கொஞ்சம்

சுயம்பு புராணத்தின்படி காத்மாண்டு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஏரி. முற்கால புத்தர்களில் ஒருவரான விபஸ்வி இந்த மலையில் தங்கி ஒரு தாமரை விதையை ஏரியில் எறிந்தார். அது முளைத்துப் பூத்தபோது அதிலிருந்து ஒளி எழுந்தது. அந்த ஒளி எழுந்த இடத்தில்தான் இன்றைய சுயம்பு ஸ்தூபி நிற்கிறது. பிறகு சீன தேசத்திலிருந்து வந்த போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ, தெற்கே சோபாரில் மலையை வாளால் பிளந்து தண்ணீரை வடித்தார். பள்ளத்தாக்கு மனிதர் குடியேறும் நிலமாயிற்று. இங்கே பழைய ஏரி ஒன்று இருந்தது என்பதை மண் படிவுகளை ஆராய்ந்த நிலவியலாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். வாள் விஷயத்தில்தான் அவர்கள் வாய் திறப்பதில்லை.

பௌத்த தத்துவ ஆசான் நாகார்ஜுனர் இந்த மலையின் குகையில் தவம் இருந்தார் என்ற மரபும் உண்டு. காட்டின் பெயர் அவரால் வந்தது. சைத்ர மாதப் பௌர்ணமி அன்று பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்கள் மலையடியில் உள்ள பாலாஜுவின் 22 நீர்த்தாரைகளில் குளித்துவிட்டு ஜாமாச்சோ ஏறுவார்கள். மற்ற நாட்களில் தமாங்குகள், ஷெர்பாக்கள், திபெத்தியர் என்று பலரும் வருகிறார்கள். சரம் சரமாகக் கொடி கட்டும் வழக்கம் இமயமலைப் பௌத்தர்களுடையது. ஆக ஒரே உச்சியில் இரண்டு மூன்று மரபுகள் கலந்து கிடக்கின்றன. வெளியாளான நீங்கள் வந்து கட்டுவதையும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, முறை தெரிந்து கட்டினால்.

முதல் படி: நாள் பார்ப்பது

வானிலை, பஞ்சாங்கம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

வானிலைக்கு அக்டோபர், நவம்பர் மாதங்கள் சிறப்பு. மழை கழுவிவிட்ட வானத்தில் வடக்கே கணேஷ் ஹிமால், லாங்டாங் சிகரங்கள் பளிச்சென்று தெரியும். டிசம்பர், ஜனவரியும் நல்லதுதான். காலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக வேண்டும். மார்ச், ஏப்ரலில் தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து பனிமலைகளை மறைத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. பாதை வழுக்கும், அட்டை ஏறும். அப்படியும் போக வேண்டியிருந்தால் சாக்ஸுக்கு மேல் உப்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொள்ளும் நம் மலைநாட்டு வைத்தியம் அங்கேயும் பலிக்கும்.

பஞ்சாங்கம் கொஞ்சம் நுட்பமான விஷயம். திபெத்திய நாட்காட்டியில் கொடி கட்டக்கூடாத நாட்கள் என்று சில உண்டு. அந்த நாளில் கட்டினால் கொடி பறக்கும் காலம் முழுவதும் கட்டியவருக்குத் தடங்கல் வரும் என்பார்கள். நமக்கு அது நம்பிக்கையா இல்லையா என்பது வேறு. அவர்கள் வீட்டுச் சடங்கை எடுத்துச் செய்யும்போது அவர்கள் நாளைப் பார்ப்பது மரியாதை. கொடி வாங்கும் கடையிலேயே கேட்கலாம், காத்மாண்டின் பெரிய ஸ்தூபியான பௌத்தநாத்தைச் சுற்றியுள்ள எந்த மடத்திலும் கேட்கலாம். பொதுவாக வெயிலும் காற்றும் உள்ள காலை நேரம் உத்தமம். லோசார் என்னும் திபெத்தியப் புத்தாண்டும், மே அல்லது ஜூனில் வரும் சாகா தாவா பௌர்ணமியும் மிக விசேஷம். விசேஷ நாளில் கூட்டம் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் படி: கொடி வாங்குவது

சுற்றுலாப் பயணிகள் கூடும் தமேல் கடைத்தெருவில் கொடி கொட்டிக் கிடக்கும். ஆனாலும் பௌத்தநாத் ஸ்தூபியைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்குவதே நல்லது. 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்து தங்கியவர்களால் வளர்ந்த இடம் அது. கடைக்காரருக்குச் சரக்கோடு அதன் விவரமும் தெரியும்.

முதலில் துணியைப் பாருங்கள். பளபளவென்று, சாயம் அழுத்தமாக, விலை குறைவாக இருப்பது பாலியெஸ்டர். அது வெளுக்காது, கிழியாது. வாங்க வந்தவர்களுக்கு அது நிறை என்று தோன்றும். உண்மையில் அதுதான் குறை. கொடி நைந்து போக வேண்டும். வெளுக்க வெளுக்க மந்திரம் காற்றோடு போய்விட்டது என்று அர்த்தம். பருத்தித் துணியில் அச்சிட்டது கிடைக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். நெசவு கொஞ்சம் இளக்கமாக, மருத்துவமனைக் கட்டுத்துணிபோல இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் எழுத்து தெரியும். ஓரம் மடித்துத் தைக்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. நூல் பிரிவதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

அடுத்து வரிசை. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இடமிருந்து வலமாக வரும். ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், நிலம் என்ற ஐம்பூதங்கள். நீருக்கு எப்படிப் பச்சை என்று நமக்குத் தோன்றும். திபெத்திய மரபில் அப்படித்தான். அவசரமாகத் தைத்த மலிவுச் சரங்களில் இந்த வரிசை மாறியிருப்பதும் உண்டு, விரித்துப் பார்த்து வாங்குங்கள்.

படத்தையும் பாருங்கள். அதிகம் கிடைப்பது லுங்தா என்னும் காற்றுக்குதிரை. நடுவில் முதுகில் சுடர்விடும் மணியைச் சுமந்து ஒரு குதிரை நிற்கும். நான்கு மூலைகளில் கருடன், டிராகன், புலி, பனிச்சிங்கம். சுற்றிலும் மந்திரங்கள். உடல்நலத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் வேண்டுகிறவர்கள் தாரா தேவி அச்சிட்ட கொடியைக் கேட்டு வாங்குவார்கள். குரு ரின்போச்சே எனப்படும் பத்மசம்பவர், அவலோகிதேஸ்வரர் கொடிகளும் உண்டு. குழப்பமாக இருந்தால் லுங்தாவே எடுங்கள், எதற்கும் பொருந்தும்.

அளவில் ஆசைப்படாதீர்கள். பத்துக் கொடி உள்ள ஒரு சரம் ஒருவருக்குப் போதும். 25 கொடிச் சரத்தை மேலே போய் இடம் தேடி விரிப்பதற்குள் சிக்கலாகிவிடும். குடும்பத்தில் நான்கு பேர் போனாலும் ஒரே சரத்தில் எல்லாரும் கைவைத்துக் கட்டலாம். நாலு சரம் கட்டினால் நாலு மடங்கு புண்ணியம் என்று எங்கும் சொல்லவில்லை.

நேபாள ரூபாய் கையில் இருக்கட்டும். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற நிலையான மாற்று விகிதம்தான்.

மூன்றாம் படி: முந்தின நாள் வேலைகள்

பலரும் கவனிக்காத ஒன்று: கடைச் சரத்தின் இரு முனையிலும் கயிறு ஒரு முழம்கூட இருக்காது. மேலே போனால் கட்டும் கம்பத்துக்கு எட்டாது. ஆகவே இரு முனைக்கும் இரண்டிரண்டு மீட்டர் பருத்திக் கயிறோ சணல் கயிறோ அறையிலேயே முடிந்துவிடுங்கள். நைலான் கயிறு வேண்டாம். துணி மக்கிய பிறகும் அது மட்டும் கிடந்து பறவைகளின் காலிலும் மரத்தின் கழுத்திலும் இறுகும்.

பெயர் எழுதுவது பரவலான வழக்கம். நோயில் இருப்பவர், புதிதாகப் பிறந்த குழந்தை, இறந்துபோனவர் என்று யாருக்காகக் கட்டுகிறீர்களோ அவர் பெயரைக் கொடியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதலாம். தமிழில் எழுதினாலும் காற்றுக்குப் புரியும். ஆனால் வேண்டுதலை எனக்கு, என் வீட்டுக்கு என்று நிறுத்திவிடக்கூடாது என்பது அவர்கள் மரபில் முக்கியம். வீட்டில் தொடங்கி எல்லா உயிருக்கும் என்று முடிக்க வேண்டும்.

பௌத்தநாத்தில் உள்ள மடம் ஒன்றில் கொடியைக் கொடுத்தால் லாமா ஒருவர் மந்திரம் சொல்லி ஆசீர்வதித்துத் தருவார். கட்டணம் என்று கேட்க மாட்டார்கள். கதா என்னும் வெள்ளைச் சால்வையில் ஒரு தொகையை வைத்து இரு கையாலும் கொடுப்பது வழக்கம். கட்டாயமில்லை. நேரம் இருந்தால் செய்யுங்கள்.

கொடியைச் சுருட்டும்போது மஞ்சள் பக்கத்திலிருந்து சுருட்டினால் மேலே விரிக்கும்போது நீலம் முதலில் வரும். சுருட்டியதைச் செருப்பு, அழுக்குத் துணியோடு திணிக்காமல் பையின் மேல் அறையில் தனியாக வையுங்கள். தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பிட ஏதாவது, மெல்லிய மழைச்சட்டை. வழியில் டீக்கடை கிடையாது. மலை என்றாலே நாலு அடிக்கு ஒரு சுக்குகாப்பிக் கடை என்று பழகியவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடையாள அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகும் பெரியவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வைத்திருக்க வேண்டும். 15 முதல் 65 வயதுக்குள் உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது.

நான்காம் படி: நுழைவாயில்

நாகார்ஜுன் காடு இப்போது சிவபுரி நாகார்ஜுன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி; 2009-இல் சேர்க்கப்பட்டது. ஏறும் பாதை தொடங்குவது புல்பாரி வாயிலில். தமேலிலிருந்து டாக்ஸியில் பாலாஜு வழியாகக் காகனி போகும் சாலையில் சிறிது தூரம் போனால் வந்துவிடும். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள். அங்கேயும் மீட்டர் போடச் சொன்னால் நம்மூர் ஆட்டோக்காரர் பார்க்கும் அதே பார்வைதான்.

வாயிலில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குத் தனிக் கட்டணம், மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. இந்தியர், இலங்கையர் என்று சொல்லிக் கேளுங்கள். காவலுக்கு ராணுவத்தினர் இருப்பார்கள். அவர்களையோ சாவடியையோ படம் எடுக்காதீர்கள். அனுமதி வாங்காமல் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. தனியாளாகப் போகாதீர்கள். இந்தக் காட்டில் முன்பு குற்றச் சம்பவங்கள் நடந்ததுண்டு. ஒற்றை ஆளாக வந்தால் உள்ளே விடவும் தயங்குவார்கள். இரண்டு பேராகவாவது போங்கள். கொடி கட்டுவதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

2008-இல் முடியாட்சி முடிந்து நாராயண்ஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறிய மன்னர் ஞானேந்திரா வந்து தங்கியது இந்தக் காட்டுக்குள் இருக்கும் மாளிகையில்தான்.

ஐந்தாம் படி: ஏறுவது

உச்சிக்கு இரண்டு வழி. ஒன்று, வளைந்து வளைந்து போகும் மண் சாலை. நீளம் அதிகம், முட்டி வலி உள்ளவர்கள், பெரியவர்கள் ஜீப் அமர்த்திப் போகலாம். இன்னொன்று காட்டுக்குள் நேராக ஏறும் நடைபாதை. நான் சொல்வது நடைபாதையை. சராசரி நடைக்கு இரண்டு மணி நேரம், குழந்தைகளோடு என்றால் மூன்று. வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

தொடக்கத்தில்தான் ஏற்றம் அதிகம். அங்கே வேகமாகப் போய் நாக்கு தள்ளுகிறவர்களே அதிகம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போங்கள். பாதை பெரும்பாலும் மர நிழலில் போகும். நகரத்துச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் பறவைச் சத்தம் மட்டும் மிஞ்சும். பாறைகள் சுண்ணாம்புக் கல். பனி ஈரத்தில் வழுக்கும், ரப்பர் பிடிப்புள்ள ஷூ வேண்டும். கேளையாடு, காட்டுப்பன்றி, சிறுத்தை எல்லாம் உள்ள காடு. பகலில் கூட்டமாகப் பேசிக்கொண்டு போனால் பயமில்லை. கிளைப்பாதை கண்ணில் படும்போது தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். உயர மலைநோய்க்கு 2,100 மீட்டரில் பொதுவாக இடமில்லை. மாத்திரை எதுவும் வேண்டாம்.

வழியில் மரங்களுக்கிடையே பழைய கொடிகள் தொங்கும். அதைப் பார்த்து அங்கேயே கட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மரங்களுக்கு நடுவே காற்று இல்லை, பறவைகளும் சிக்கும்.

ஆறாம் படி: கட்டுவது

உச்சிக்கு முன்பே சத்தம் கேட்கும். நூற்றுக்கணக்கான துணிகள் ஒரே நேரத்தில் படபடக்கும் சத்தம். உச்சியில் உள்ள ஸ்தூபியிலிருந்து நாலாபக்கமும் சரங்கள் இறங்கியிருக்கும். மேலே இருப்பவை நேற்று வாங்கியதுபோல் நிறம் குறையாமல், அடியில் இருப்பவை எந்த நிறம் என்றே தெரியாமல் சாம்பல் வெள்ளையாக, சில இடங்களில் வெறும் நூலாக. பக்கத்தில் ஒரு பார்வைக் கோபுரம்.

போனவுடன் கட்ட ஓடாதீர்கள். முதலில் ஸ்தூபியை மூன்று முறை வலம் வாருங்கள். நம் கோயில்போலத்தான், ஸ்தூபி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சுற்றும்போதே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துவைக்கலாம். காற்று வரும் திசைக்குக் குறுக்காகச் சரம் நிற்க வேண்டும். காற்றின் போக்கிலேயே கட்டினால் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு ஒட்டிக்கொள்ளும்.

தூபம் போட விரும்பினால் அதற்கென்று அடுப்பு உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். பௌத்தநாத் கடைகளில் ஜூனிபர் இலைத் தூள் கிடைக்கும், ஒரு பிடி போதும். வறண்ட மாதங்களில் தீப்பெட்டியை எடுக்காமலே இருப்பது நல்லது. ஒரு பொறி போதும், மலையே எரியும்.

இனி கட்டும் முறை. ஒருவர் நீல முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தரையில் படாமல் சுருளை மெதுவாகப் பிரித்துக்கொண்டே நகர வேண்டும். குதிரை நேராக நிற்கிறதா பாருங்கள். தலைகீழாகக் கட்டப்பட்ட கொடியை எல்லா மலையிலும் காணலாம், அவசரத்தில் நடப்பது. நின்று பார்ப்பவருக்கு நீலம் இடப்பக்கம் இருக்கட்டும். ஏற்கெனவே சரங்கள் கட்டியிருக்கும் கம்பத்திலோ கம்பியிலோ முனையை இரண்டு சுற்றுச் சுற்றி முடியுங்கள். அடுத்தவர் சரத்தை அவிழ்க்கக் கூடாது, வெளுத்துப்போனதாக இருந்தாலும். பழையதோடு புதியது சேர்ந்து பறப்பதுதான் அங்கே அழகு. ஸ்தூபியின் மேல் ஏறக் கூடாது. மரத்தில்தான் கட்ட வேண்டியிருந்தால் தண்டைச் சுற்றித் தளர்வாக, கை நுழையும் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். மரம் பருக்கும்.

மறுமுனையை முதலில் விறைப்பாக இழுத்து, பிறகு ஒரு சாண் தளர்த்தி முடியுங்கள். முழு விறைப்பில் கட்டிய கயிறு முதல் பெருங்காற்றில் அறுந்துவிடும். ரொம்பத் தளர்ந்தால் கொடி தரையைத் தொடும். நடுப்பகுதி ஆள் தலைக்கு மேல் இருந்தால் சரி. ஆட்கள் அடியில் நடந்து போகலாம், தாண்டிப் போகத்தான் கூடாது. கட்டும்போது துணி கீழே விழுந்துவிட்டால் பதற வேண்டாம். எடுத்து உதறிவிட்டுக் கட்டுங்கள்.

முடிச்சுப் போடும்போது வேண்டுதலை மனதில் சொல்லலாம், ஓம் மணி பத்மே ஹூம் சொல்லலாம். மலை மக்கள் கணவாய்களில் கொடி கட்டி முடித்தவுடன் ‘கி கி சோ சோ லா க்யாலோ!’ என்று உரக்கக் கூவுவார்கள், தேவர்களுக்கு வெற்றி என்று பொருள். நாலு பேர் சேர்ந்து கூவினால் களைப்பெல்லாம் இறங்கும். கூடவே வண்ணக் காகிதச் சதுரங்களை வீசும் வழக்கமும் உண்டு. தேசியப் பூங்காவுக்குள் அதைத் தவிர்ப்பேன். காட்டுக்குள் பறந்த காகிதத்தைப் பொறுக்க யாரும் போவதில்லை.

படம் எடுப்பதைக் கட்டி முடித்த பின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் செல்போனோடு கட்டிய முடிச்சு நிற்காது.

ஏழாம் படி: இறங்குவதும் பிறகும்

உச்சியில் தரையில் விழுந்து மிதிபடும் கொடித் துண்டுகளைக் கண்டால் எடுத்து ஓரமாக உயரமான இடத்தில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் போடும் வழக்கம் இல்லை, எரித்துவிடுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாம் உங்களோடு கீழே வர வேண்டும். முடிந்தால் அடுத்தவருடையதும்.

மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். வந்த பாதையிலேயே திரும்புவது நல்லது. ஒன்றரை மணி நேரம் ஆகும். இறங்கும்போதுதான் முட்டி பேசும். ஒரு கழி கையில் இருந்தால் உதவும். கீழே பாலாஜு தோட்டத்தில் 22 கல் தாரைகளையும், நீருக்குள் பாம்பணையில் கிடக்கும் நாராயணரையும் பார்த்துவிட்டுப் போகலாம். புடாநீலகண்டாவில் இருப்பதைவிடச் சிறிய உருவம், கூட்டமும் குறைவு.

வீட்டுக்கென்று இன்னொரு சரம் வாங்கியிருந்தால் மொட்டை மாடியில் காற்று வரும் பக்கமாகக் கட்டுங்கள். சென்னை வெயிலில் சில மாதத்திலேயே வெளுத்துவிடும். அப்போது இறக்கி எரித்துவிட்டு, தேவைப்பட்டால் புதிதாகக் கட்டலாம். கழிவறைச் சுவர், செருப்பு விடும் வாசல், படுக்கையின் கால்மாடு ஆகாது. லடாக் போய்வந்த அடையாளமாக பைக்கின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு திரிகிறார்களே, அதைத் திபெத்தியர்கள் யாரும் நேரில் கடிந்து சொல்வதில்லை. ஆனால் சேறும் புகையும் தெறிக்கும் இடத்தில் மந்திரம் எழுதிய துணியைக் கட்டுவது அவர்களுக்கு உவப்பானதல்ல.